சமைக்காத மெஸ்ஸுக்கு ஏழு கிளை

சவரிராயன் பச்சைப் பட்டன் ஒன்றை மவுஸால் பிடித்து வலப்பக்கமாக ஒரு நூல் நகர்த்துகிறார். கையை எடுத்துவிட்டு நாற்காலியில் பின்னால் சாய்கிறார். இடது கண்ணை மூடிக்கொண்டு திரையைப் பார்க்கிறார். திருப்தியில்லை. குனிந்து அரை நூல் இடப்பக்கம் தள்ளுகிறார். மறுபடியும் சாய்வு, மறுபடியும் ஒற்றைக் கண். மேலப்புதூர் பாலத்தில் ரயில் போகும்போது அவருடைய மாடி அறை லேசாக அதிரும். அப்போது மட்டும் கையை மவுஸிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்வார், அதிர்வில் பட்டன் இடம் மாறிவிடும் என்பதுபோல.

“பட்டனுக்கும் மூச்சு விட இடம் வேணுங்க,” என்பார், பார்த்துக்கொண்டிருப்பவர் கேட்காமலேயே.

ஐம்பதை நெருங்கும் வயது. காதோரம் மட்டும் நரை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்குப் போட்டுக்கொண்டுபோன சட்டையையே திங்கட்கிழமையும் போட்டுக்கொள்வார். தொழில், இணையதளம் செய்வது. கல்யாண மண்டபம், மருந்துக்கடை, டியூஷன் சென்டர், பங்குத் திருவிழா என்று திருச்சியைச் சுற்றி அவர் கைபட்ட தளங்கள் நிறைய இருக்கின்றன. முன்பு ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் வடிவமைத்துக்கொண்டிருந்தார். கணினி மொழி எதையும் அவர் படித்ததில்லை. படங்களையும் எழுத்துகளையும் திரையில் இழுத்து இழுத்து வைத்தால் பக்கம் தயாராகிவிடும் மென்பொருள்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றை வைத்தே பிழைக்கிறார். அதில் அவருக்குக் கூச்சம் கிடையாது. “எனக்குச் செங்கல் அறுக்கத் தெரியாதுங்க. வீடு கட்டத் தெரியும்,” என்றுதான் புதிதாக வருகிறவர்களிடம் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்வார்.

மாடிப்படி ஏறி அவர் அறைக்குள் யார் வந்தாலும் முதலில் கைப்பேசியைக் கொடுக்க வேண்டும். கூரியர் கொண்டுவருகிறவர், மின்சார ரீடிங் எடுக்கிறவர், தவறான படி ஏறிவிட்ட பல் வைத்தியரின் நோயாளி, யாராக இருந்தாலும் சரி. “உங்க போன்ல இதைக் கொஞ்சம் திறந்து பாருங்களேன்,” என்று ஒரு முகவரியைச் சொல்வார். திறந்ததும் வாங்கி வெளிச்சத்தில் ஒருமுறை, நிழலில் ஒருமுறை பார்ப்பார். பிறகு சட்டை நுனியால் திரையைத் துடைத்துத் திருப்பிக் கொடுப்பார். தண்ணீர் கேன் போடுகிறவர் இப்போதெல்லாம் கேனை இறக்கும் முன்பே கைப்பேசியை எடுத்து மேசைமேல் வைத்துவிடுகிறார்.

எதையும் தேர்ந்தெடுப்பதுதான் அவருக்கு வராது. செருப்பு வாங்கப் போனால் இரண்டு ஜோடியிலிருந்து காலுக்கொன்றாக மாட்டிக்கொண்டு கடையின் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்துகொண்டே இருப்பார். பெரிய கடைவீதியில் ஒரு செருப்புக் கடைக்காரர் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, “நீங்க நடங்க சார், நான் சாப்பிட்டு வந்துடறேன்,” என்று வீட்டுக்கே போய்விட்டு வந்தாராம். இதைச் சொன்னவர் சவரிராயனின் மனைவி ரோசரி. பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியை. ஒரு கணக்குக்கு ஒரு விடைதான் என்று நம்புகிறவர்.

இந்தத் தயக்கம் பிறவியில் வந்ததல்ல என்று சவரிராயன் வாதிடுவார். ஒருமுறை அவசரப்பட்டு, பளபளப்பாக இருந்த ஒரு மென்பொருளை நம்பி எல்லாத் தளங்களையும் அதிலேயே கட்டியிருந்தார். எங்கோ இருந்த அந்தக் கம்பெனி ஒரு தை மாதம் சொல்லாமல் கொள்ளாமல் கடையைக் கட்டிவிட்டது. முகூர்த்த சீசனில் கல்யாண மண்டபங்களின் பக்கங்கள் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டன. சவரிராயன் வண்டியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வாடிக்கையாளர் வீட்டுக்கும் போய், வாசலில் நின்று, இழவு சொல்வதுபோலச் சொல்லிவிட்டு வந்தார். அதன்பின் எந்த மென்பொருளையும் சோதிக்காமல் தொடுவதில்லை.

சோதனைக்கு அவர் கண்டுபிடித்த முறைதான் ரோசரி மெஸ்.

ஒவ்வொரு மென்பொருளிலும் ஒரே தளத்தைக் கட்டிப் பார்க்க வேண்டும், அப்போதுதான் ஒப்பிட முடியும் என்பது அவர் கட்சி. அதனால் இல்லாத ஓர் உணவகத்தை ஏற்படுத்திக்கொண்டார். பெயருக்கு மனைவி. ஊருக்கு ஸ்ரீரங்கம். ஸ்ரீரங்கம் ஏனென்றால், பல மென்பொருள்களில் தமிழ் எழுத்து உடையும். அதிலும் ஸ்ரீ முதலில் உடையும். “ஸ்ரீ நிமிந்து நின்னுட்டா மத்ததெல்லாம் நிக்கும்ங்க.” தெருவுக்கு அம்மா மண்டபம் ரோடு. கதவு எண் மட்டும் கற்பனை. படத்துக்கு, யாரோ ஒருவர் கல்யாணப் பந்தியில் எடுத்த தலைவாழை இலை. உரிமையாளர் என்ற இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பவர் ரோசரியின் தம்பி ஸ்டீபன்ராஜ். அவருக்கு வெந்நீர் வைக்கவும் தெரியாது.

அழைக்கும் பட்டனை அழுத்தினால் எங்காவது மணி அடிக்க வேண்டும், இல்லையென்றால் பட்டன் வேலை செய்கிறதா என்று தெரியாது. அதற்கு ரோசரியின் எண்ணைக் கொடுத்தார். ஆரம்ப நாட்களில் அவர்களுடைய உரையாடல் இப்படித்தான் இருக்கும்.

“நாந்தான்.”

“சொல்லுங்க.”

“ஒண்ணுமில்ல. பட்டன் அடிக்குதான்னு பாத்தேன்.”

“அடிக்குது. வைங்க.”

எந்த மெஸ் எந்த மென்பொருளில் கட்டியது என்று குழம்பாமல் இருக்க, ஒவ்வொன்றிலும் ‘இன்றைய ஸ்பெஷல்’ என்ற இடத்தில் வெவ்வேறு பதார்த்தம் போட்டார். நாளடைவில் மென்பொருள்களின் ஆங்கிலப் பெயர்களே அவர் வாயில் வருவதில்லை. “பரங்கிக்காய் ரொம்ப அழகுங்க, ஆனா மெதுவா வரும். அவியல்ல எல்லாம் இருக்கு, எது எங்க இருக்குன்னுதான் தெரியாது. சேனை வறுவல்ல உள்ள போயிட்டா வெளிய வர முடியாது, நாளைக்கு நம்ம சைட்டை நாமளே எடுத்துட்டுப் போக விடமாட்டான். கத்தரிக்காய் ஒரு சைட்டுக்குச் சரி. நிறைய பண்ணினா ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா கேப்பான். மோர்க்குழம்புல தமிழ் திரிஞ்சு போச்சு.” விவரம் தெரியாதவர்கள் கேட்டால் சமையல்காரர் என்றுதான் நினைப்பார்கள். முதலில் கட்டியது வஞ்சிரம். கடைசியில் கட்டியது வாழைப்பூ வடை. அதைப் பற்றிக் கேட்டால் முகத்தைச் சுளிப்பார். “நல்ல பையன்தான். தமிழ் உடையலை. ஒரு இடத்துல மாத்தினா எல்லா சைட்லயும் மாறுது. ஆனா பாக்கச் சுமார்.”

இதில் அவர் செய்த தவறு ஒன்றே ஒன்று. இலவசச் சோதனைக் காலம் முடிந்ததும் தளமும் தானாக மறைந்துவிடும் என்று நினைத்துக்கொண்டார். சோதனைக் காலம் முடிந்தது. அவரால் உள்ளே போய்த் திருத்த முடியாமல் போனது. தளம் மட்டும் ஊருக்குத் தெரியும்படி அப்படியே நின்றது. ஒரு பிடி அரிசி களையாத மெஸ்ஸுக்கு இணையத்தில் ஏழு கிளைகள் உண்டாகிவிட்டன.

முதலில் பேசியவர் ஸ்ரீரங்கத்துப் பெரியவர் ஒருவர். ரோசரி வகுப்பிலிருந்து வெளியே வந்து எடுத்தார்.

“ரோசரி மெஸ்தானே? அம்மா மண்டபத்துல பித்ரு காரியம் பண்ணிட்டு வர்றவா நடக்கற வீதிம்மா அது. அங்க வஞ்சிரம் வறுவல்னு போட்டிருக்கேளே, இது தர்மமா?”

“மன்னிச்சுக்குங்க சார். அப்படி ஒரு மெஸ்ஸே இல்லைங்க.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “இல்லாத மெஸ்லயும் மத்ஸ்யம் கூடாதும்மா,” என்று சொல்லி வைத்துவிட்டார்.

சவரிராயன் வருந்தினார். ஆனால் வஞ்சிரத்துக்குள் போக வழியில்லை. அப்போது திருத்தும் நிலையில் இருந்தது வாழைப்பூ வடை மட்டும்தான். அதில் கொட்டை எழுத்தில், ‘வெங்காயம், பூண்டு சேர்க்காத சுத்த சைவச் சமையல்’ என்று எழுதிவைத்துப் பரிகாரம் செய்தார்.

அடுத்து வந்தது விமர்சனம். ஒரு மென்பொருளின் மாதிரிப் பக்கத்தில் வாடிக்கையாளர் கருத்துப் பெட்டி ஒன்று இருந்தது. அதை எடுக்க மறந்திருந்தார். யாரோ ஒரு புண்ணியவான் அதில், ‘சாம்பார் தண்ணி. முன்ன மாதிரி இல்ல’ என்று எழுதியிருந்தார். ரோசரி இதைப் படித்துவிட்டார். “நான் வைக்காத சாம்பார் எப்படிங்க தண்ணியா இருக்கும்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. “அதுவும் முன்ன மாதிரி இல்லையாம். முன்ன எப்ப வந்து சாப்பிட்டான் அவன்?” அன்று இரவு வைத்த சாம்பாரில் கரண்டி நின்றது.

பிறகு ரோசரி பழகிக்கொண்டார். மணி அடித்தால் எடுத்து, “மெஸ் இன்னிக்கு லீவுங்க,” என்று ஒரே வாக்கியம் சொல்லி வைத்துவிடுவார். கேட்பவரைப் புண்படுத்தாத, முழுப் பொய்யும் ஆகாத வாக்கியம் என்று அவருக்கு அதில் ஒரு திருப்தி.

இந்த நிலையில்தான் அரியமங்கலத்துப் பெரிய வேலை வந்தது. அங்கே லேத், கியர், கிரில், பாய்லர் உதிரிப்பாகம் என்று சின்னப் பட்டறைகள் வைத்திருப்பவர்களின் சங்கம் ஒன்று. உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு தளம், மொத்தம் முப்பதுக்கு மேல். எல்லாம் ஆயுத பூஜையன்று திறக்க வேண்டும். செயலாளர் குத்புதீன் லேத் பட்டறைக்காரர், சவரிராயனுக்குப் பழைய நண்பர். அவர் வாதாடித்தான் வேலையை இங்கே கொண்டுவந்தார். “எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும்னு தீர்மானம் போட்டிருக்காங்க. ஆனா ஒருத்தனோடது மாதிரி இன்னொருத்தனுக்கு இருக்கக் கூடாதாம். எப்படிச் செய்வீங்களோ தெரியாது,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சவரிராயன் ஒரு வருஷத்தில் பார்க்கிற மொத்த வேலைக்குச் சமம் அது. கிடைத்தால் மாடி அறையை விடாமல் வைத்துக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் மறுபடி ஆல்பத்துக்குப் போக வேண்டும் என்று ரோசரியிடம் சொல்லியிருந்தார். ஆனால் கல் வைக்கும் முன் எந்த மென்பொருள் என்று முடிவாக வேண்டும். ஒன்றில் கட்டிவிட்டுப் பாதியில் இன்னொன்றுக்கு மாற முடியாது. அவர் ஏழு மெஸ்களையும் திரையில் வரிசையாகத் திறந்துவைத்துக்கொண்டு, ஒற்றைக் கண்ணால் பார்க்கத் தொடங்கினார். ஆடி போனது. ஆவணி போனது. புரட்டாசி பிறந்தது.

மகாளய அமாவாசை ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. பூசை முடிந்து அவர் அறைக்கு வந்தபோது குத்புதீன் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தார். வேறொரு வேலையாகப் போயிருந்த நானும் அவர் பக்கத்தில்தான் இருந்தேன்.

“சாயங்காலம் சங்கத்துல கூட்டம்,” என்றார் குத்புதீன். “சென்னையிலேர்ந்து ஒரு கம்பெனிக்காரன் வர்றான். கோட்டு போட்டுக்கிட்டு வர்றான். நான் எந்திரிச்சு, சவரி இன்னும் பாத்துக்கிட்டிருக்காருன்னு சொல்ல முடியாது. சாஃப்ட்வேர் வாங்கியாச்சுன்னு சொல்லணும். வாங்கின ரசீதைக் காட்டணும். இல்லேன்னா வேலை அவனுக்கு. அப்புறம் என்னைச் சொல்லாதீங்க.”

“இன்னும் ஒரு வாரம் இருந்தா பாய்...”

“ஒரு வாரம் போனா ஆயுத பூஜையே வந்துடும். பொண்ணு பாக்கவாவது இப்படித்தான் பாத்தீங்களா?”

“அது எங்கப்பா பாத்தது.”

“அதான் நல்லபடியா முடிஞ்சிருக்கு.”

சவரிராயன் உள்ளே போய் உட்கார்ந்து திரையில் பரங்கிக்காயைத் திறந்தார். இலையின் படம் பனி விலகுவதுபோல மெல்ல வந்தது. “இதுன்னுதான் மனசு சொல்லுது,” என்றார். பிறகு, “ஆனா,” என்றார். குத்புதீன் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்போது கைப்பேசி அடித்தது. ரோசரி. கை மவுஸில் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

“என்னங்க, பதினாலு பேரு வேன்ல வந்து நிக்கிறாங்க.”

“எங்க?”

“நம்ம மெஸ்ல.”

சொல்லி முடித்தபிறகுதான் என்ன சொன்னோம் என்பது ரோசரிக்கே உறைத்திருக்க வேண்டும். அடுப்படியில் ஏதோ பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது.

“லீவுன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னேன். அமாவாசை அன்னிக்கு எந்த மெஸ்ஸும்மா லீவு விடும்னு கேக்குறாரு. எனக்குப் பதில் வரலை. உப்பிலியபுரத்துலேர்ந்து வந்திருக்காங்களாம். ஆத்தங்கரையில திதி குடுத்துட்டு, காலையிலேர்ந்து பச்சத் தண்ணி பல்லுல படாம நிக்கிறாங்களாம். நான் இங்க கறிக்குழம்புக்கு மசாலா அரைச்சுக்கிட்டு, வெங்காயம் சேக்கறதில்லீங்களேன்னு அவர் கேக்க, ஆமாங்கன்னு சொல்லிட்டு நிக்கிறேன். நல்லாவா இருக்கு?”

சவரிராயன் அன்று முதன்முறையாக மவுஸை விட்டார். “எந்த ஸ்பெஷல் கேட்டாங்க?”

மறுமுனையில் ரோசரி மூச்சை இழுத்து விட்டது எங்களுக்கே கேட்டது.

“வாழைப்பூ வடை. எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க. வடை போட்டாச்சா, வடை இருக்கா, வடை பார்சல் உண்டான்னு ஒரு மாசமா உயிரை எடுக்குறாங்க. வஞ்சிரத்துக்கு ஒரு பெரியவர் திட்டினாரு, அதோட சரி. மத்ததுக்கெல்லாம் ஒரு ஈ காக்கா பேசலை. வடை வடைன்னு நான் சொல்லும்போதெல்லாம் நீங்க எங்க பாத்துக்கிட்டிருந்தீங்க?”

“பட்டனைப் பாத்துக்கிட்டிருந்தாரு,” என்றார் குத்புதீன்.

சவரிராயன் ரோசரியிடம் வேனில் வந்தவரின் எண்ணை வாங்கி அழைத்தார். அவர் பெயர் பிச்சைமுத்து, விவசாயி.

“ஐயா, நான் மெஸ்... மெஸ் சம்பந்தப்பட்டவன் பேசுறேன். அங்கேயே நில்லுங்க. வந்துக்கிட்டே இருக்கோம். உங்க போன் என்ன போனுங்க?”

“போனா? எம்மவன் வெச்சிருந்து தூக்கிப் போட்டது தம்பி. கண்ணாடி ஒடைஞ்சிருக்கு. ஆனா பேசும்.”

“அதை ஆஃப் பண்ணிராதீங்க.”

“அவங்க சோறு கேக்குறாங்க. நீங்க போன் கேக்குறீங்க,” என்றார் குத்புதீன், கார்ச் சாவியை எடுத்துக்கொண்டே.

காவிரிப் பாலம் தாண்டி மாம்பழச் சாலையிலேயே போலீஸார் காரை நிறுத்திவிட்டார்கள். அமாவாசைக் கூட்டம். ஈரத் துணியும் எள் ஒட்டிய விரல்களுமாக எதிரே வருகிறவர்களை விலக்கிக்கொண்டு நடந்தோம். அம்மா மண்டபம் ரோட்டில், கற்பனைக் கதவு எண் இருந்திருக்க வேண்டிய இடத்தில், பிளாஸ்டிக் குடம் விற்கிற கடைக்கும் ஒரு பூட்டிய வீட்டுக்கும் நடுவே, பதினான்கு பேர் நிழலுக்குச் சுவரை ஒட்டி நின்றார்கள். பிச்சைமுத்து மேல்துண்டை உதறித் தோளில் போட்டார். அவர் மனைவி வள்ளிக்கண்ணு சவரிராயனை மேலும் கீழும் பார்த்தார்.

“போட்டோவுல இருக்கறது நீங்க இல்லையே.”

“அது என் மச்சான்ங்க.”

“அவரு எங்க?”

“அவருக்கு மெஸ் இருக்கறது தெரியாதுங்க,” என்று சவரிராயன் உண்மையைச் சொன்னார்.

பிச்சைமுத்துவின் கைப்பேசியை வாங்கினார். மூலையிலிருந்து மூலைவரை விரிசல். பின்மூடி கழன்றுவிடாமல் ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. தெருவில் அத்தனை பேர் கைப்பேசியும் ஒரே நேரத்தில் உயிரோடு இருந்ததால் சிக்னல் நூலிழையாக இருந்தது. சவரிராயன் அங்கேயே, வெயிலில், பரங்கிக்காயைத் திறந்தார். வெள்ளை. வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அவியல் பாதி வந்து நின்றது. இலை மட்டும் தெரிந்தது, எண் தெரியவில்லை. சேனையில் பட்டனுக்கு மேலேயே ஏதோ விளம்பரம் உட்கார்ந்திருந்தது. மோர்க்குழம்பில் ஸ்ரீ மூன்று துண்டாகக் கிடந்தது. அவர் ஒவ்வொன்றையும் நிழலில் ஒருமுறை பார்த்தார், வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்தார். கடைசியாக வாழைப்பூ வடை. விரல் எடுக்கும் முன் வந்துவிட்டது. எழுத்து வந்தது, எண் வந்தது, பச்சைப் பட்டன் வந்தது. அழுத்தினார்.

“மெஸ் இன்னிக்கு லீ...” என்றார் ரோசரி.

“நாந்தான். பட்டன் அடிக்குதான்னு பாத்தேன்.”

“அவங்களுக்குச் சோறு கிடைச்சுதா இல்லையா?”

அதுவரை அந்த நினைப்பே அவருக்கு வந்திருக்கவில்லை. குத்புதீன் அதற்குள் நாலு கடை தள்ளி இருந்த ஒரு நிஜ மெஸ்ஸில் இடம் பேசிவிட்டு வந்திருந்தார். பந்தி எழுந்து இலை எடுக்கும்வரை கொஞ்சம் நிற்க வேண்டியிருந்தது. பிறகு எல்லோரும் வரிசையாக உட்கார்ந்தோம். எங்களுக்கும் சேர்த்து இலை போட்டார்கள். தண்ணீர் தெளித்து, உப்பு, ஊறுகாய், பொரியல் என்று பரிமாறுகிறவர் வேகமாக வைத்துக்கொண்டே போனார். வள்ளிக்கண்ணு அவரை நிறுத்தினார்.

“வாழைப்பூ வடை?”

“எங்ககிட்ட அது கிடையாதுங்கம்மா.”

“போட்டிருந்துச்சே.” சவரிராயன் பக்கம் திரும்பினார். “தம்பி, வடைன்னு போட்டிருந்தீங்களே.”

“அது வடை இல்லைங்கம்மா. சாஃப்ட்வேர்.”

வள்ளிக்கண்ணு இதை மனத்தில் வாங்கிக்கொண்டார். “அதுல வெங்காயம் உண்டா?”

“சேக்கலைங்கம்மா.”

“சரி, சோத்தைப் போடச் சொல்லுங்க.”

குத்புதீன் இந்தப் பக்கத்து இலையிலிருந்து சாய்ந்து கேட்டார். “அப்ப இதுதானா?”

“அழகு கொஞ்சம் கம்மி பாய்.”

“என் லேத்தும் அழகு கம்மிதான். முப்பது வருஷமா சோறு போடுது.”

பிச்சைமுத்துவின் விரிசல் விழுந்த கைப்பேசி இன்னும் சவரிராயன் மடியில் இருந்தது. அதைச் சட்டை நுனியால் துடைத்து உரியவரிடம் கொடுத்தார். தம்முடையதை எடுத்தார். வாழைப்பூ வடையின் உள்ளே போய், வாங்கும் பக்கத்தைத் திறந்து, கார்டு எண்ணையும் போட்டார். குத்புதீன் மெதுவாக மூச்சு விட்டார். நானும் விட்டேன்.

திரையில் மூன்று கட்டங்கள் வந்தன. மாதக் கட்டணமா, வருடக் கட்டணமா, மூன்று வருடத்துக்கா.

சவரிராயன் பின்னால் சாய்ந்தார். சாய்வதற்கு நாற்காலி இல்லை, சுவர் இருந்தது. இடது கண் மெல்ல மூடிக்கொண்டது. “மாசம்னா பயமில்லை,” என்றார். “மூணு வருஷம்னா லாபம். ஆனா அதுக்குள்ள கம்பெனியைச் சாத்திட்டான்னா. வருஷம்னு வெச்சுக்கிட்டா...”

குத்புதீன் நெருங்கி உட்கார்ந்தார். பத்திரப் பதிவு அலுவலகத்தில் கைநாட்டு வாங்குகிறவர் பிடிப்பதுபோலச் சவரிராயனின் ஆள்காட்டி விரலைப் பிடித்தார். நடுக்கட்டத்தின்மேல் கொண்டுபோய் வைத்தார். அழுத்தினார். வட்டம் ஒருமுறை சுற்றியது. பச்சையாக ஒரு டிக் விழுந்தது. குத்புதீன் அதை அப்படியே தம் கைப்பேசியில் படம் பிடித்து, சங்கத்துக்கு அனுப்பிவிட்டு, “பிஸ்மில்லா,” என்று இலைக்குத் திரும்பினார்.

சவரிராயன் அந்த விரலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து, இலையின் மேல்பாதியில் இருந்த ஊறுகாயை அதே விரலால் வலப்பக்கம் ஒரு நூல் நகர்த்தி, சுவரில் சாய்ந்து, இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பரிமாறுகிறவர் சாதத்தை அள்ளிய கரண்டியோடு காத்திருந்தார்.